பெரிய எழுத்தும் மரப்பாளப் படமும்

பழம் புத்தகங்களைத் தேடித் திரிவோருள் பல வகையினர் உண்டு. முதற்பதிப்பு ஒன்றையே நாடுவோர் ஒரு சாரார். பெரும்புலவர் ஒருவர் கைப்பட ஒப்பமிட்ட படி கிட்டாதா என்று ஏங்குவோர் மற்றொரு சாரார். தோற்கட்டும் பொன்னெழுத்தும் கண்டால் உள்ளே இருப்பதை நோக்காது வாங்குவோரும் உளர். இவர்களுள் எவரும் கைநீட்டி எடுக்காத ஒருவகை நூலின்மேல் எமக்கு இளமையிலேயே பற்று விழுந்தது. மங்கிய முரட்டுத் தாள். ஒரு பக்கம் மை மிகுந்தும் மறுபக்கம் மை வற்றியும் கிடக்கும் அச்சு. பிழை மலிந்த பாடம். நடுநடுவே மரத்தில் செதுக்கிப் பதித்த கரடுமுரடான படங்கள். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, தேசிங்குராஜன் கதை, மதுரைவீரன் கதை என்று திருவிழாக் கடைகளில் தரையில் பரப்பி விற்ற புத்தகங்களையே சொல்லுகின்றோம்.

இவற்றையும் இவற்றின் தம்பியரான சிறு பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துக் குஜிலி நூல்கள் என்பதும் உண்டு. சென்னையில் குஜிலிக்கடை என வழங்கிய அங்காடிப் பகுதியால் வந்த பெயர் அது. கற்றோர் அப்பெயரைச் சற்றே உதட்டைப் பிதுக்கிச் சொல்வது வழக்கம். பெரிய எழுத்து என்ற அடைமொழியிலோ இகழ்ச்சி ஏதுமில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்போருக்கும், கண் மங்கிய முதியோருக்கும், மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்ந்து ஊர் கேட்க உரக்க வாசிப்போருக்கும் ஏற்ற வகையில் பருத்த அச்செழுத்தில் கோத்தமையால் வந்த பெயர் அது. சென்னையில் பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்ற பதிப்பகத்தார் இவற்றை மீண்டும் மீண்டும் அச்சிட்டு ஊரெங்கும் அனுப்பினர். ஒருவர் படிப்பார்; இருபது பேர் கேட்பர். படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தின் இடத்தைப் படம் நிரப்பும்.

இந்தப் புத்தகங்களே நம்மவரோடு கப்பலேறி இத்தீவுகளுக்கு வந்தன. இராமநாதபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் காடு வெட்டவும், சாலை போடவும், துறைமுகத்தில் சுமை இறக்கவும் வந்தவர்களின் தகரப் பெட்டியில் தொல்காப்பியம் இருந்ததில்லை. வேட்டி இரண்டு, முருகன் படம் ஒன்று, பஞ்சாங்கம் ஒன்று, பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று. பெரும்பாலும் இவ்வளவே. ஆகவே அந்தமான் தமிழரின் முதல் நூலகம் எது என்று யாரேனும் வினவினால், அது தகரப் பெட்டிக்குள் இருந்தது என்றே விடை கூறுவோம்.

அரிய நூல் என்றால் குறைவாக அச்சிட்ட நூல் என்று பலர் எண்ணுகின்றனர். எமது பட்டறிவு வேறு. உ. வே. சாமிநாதையர் 1892இல் வெளியிட்ட சிலப்பதிகாரத்தின் முதற்பதிப்பை வாங்கியவர் சிலரே. ஆயின் வாங்கிய ஒவ்வொருவரும் அதனைப் பேணினர். அதே காலத்தில் அச்சான பெரிய எழுத்துக் கதையை வாங்கியவர் மிகப் பலர். அவர்களுள் பேணியவர் எவருமிலர். அவமதித்துப் போட்டுவிட்டனர் என்று பொருள் கொள்ள வேண்டா. படித்தே தீர்த்தனர். மடியில் வைத்து, கையில் வைத்து, எண்ணெய்க் கறை பட்டு, இரவல் போய், ஏடு கிழிந்து, கடைசியில் பொட்டலம் மடித்து முடிந்தது அதன் வாழ்வு. மிகுதியாகப் படிக்கப்பட்ட காரணத்தாலேயே அரிதாகிவிட்ட நூல் இது. இதனைச் சேர்ப்போன் புலவர் வீட்டு வாயிலில் நின்று பயனில்லை. எளியோர் வீட்டுப் பரணைத்தான் கேட்க வேண்டும்.

அச்சுக்கலை தமிழுக்குக் கடல் வழியாகவே வந்தது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1577இல் கோவாவில் ஜோவான் கொன்சால்வஸ் என்பார் தமிழ் எழுத்துகளை வார்த்தார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியது. அண்டிரிக் அடிகளார் என நாம் அழைக்கும் என்றீக்கே என்றீக்கசு போர்த்துக்கீச மொழியிலிருந்து பெயர்த்த நூல் அது, பதினாறே பக்கம். அதன் முகப்பிலும் ஒரு சமயப் படம் உண்டு. இந்திய மொழி எழுத்தில் அச்சாகி இன்று எஞ்சியிருக்கும் நூல்களுள் மூத்தது அதுவே. அதன் படி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பின்னர் 1712இல் இலண்டனிலிருந்து ஓர் அச்சுப்பொறி தரங்கம்பாடிக்கு வந்தது. மறு ஆண்டில் செருமனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. சீகன்பால்கு ஐயர் 1714, 1715ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டை அங்கே அச்சிட்டு முடித்தார்.

தரங்கம்பாடியைச் சொல்லும்போது இத்தீவுகளில் வாழும் நமக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1756இல் டேனியர் நிக்கோபார்த் தீவுகளைத் தமதெனச் சாற்றியபோது, அவற்றின் ஆட்சி தரங்கம்பாடியிலிருந்தே நடைபெற்றது. 1768 முதல் 1787 வரை நன்கவுரியில் தங்கித் தொண்டு செய்து, காய்ச்சலால் ஒருவர் பின் ஒருவராக மடிந்த மொரேவியச் சகோதரர்களுக்கும் தாய்வீடு தரங்கம்பாடியே. 1845இல் தரங்கம்பாடியையும் 1868இல் நிக்கோபாரையும் ஆங்கிலேயர் பெற்றனர். தமிழ் அச்செழுத்து வேரூன்றிய ஊரும் இந்தத் தீவுகளும் ஒரு நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரே கொடியின்கீழ் இருந்தன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், வியந்து கேட்பார்கள்.

கதைப் புத்தகங்களின் காலம் இதற்கு வெகு பின்னது. 1835இல் அச்சகம் நடத்தும் தடை நீங்கிய பின்னரே நாட்டவர் கையில் அச்சுக்கூடங்கள் பெருகின. அவர்கள் படம் வேண்டுமென்று விரும்பியபோது மரத்தை நாடியது ஏன் என்பதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. செப்புத் தகட்டில் கீறிய படத்தை அச்சிட, கீறலுக்குள் மை நிற்க வேண்டும்; அதற்கு வேறு பொறி, வேறு அழுத்தம் தேவை. மரப்பாளத்திலோ வேண்டாத இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, வேண்டிய கோட்டை மேடாக நிறுத்துகின்றனர். ஈய எழுத்தும் மேடாக இருப்பதே. எனவே பாளத்தை எழுத்தின் உயரத்துக்குச் சரியாக இழைத்து, எழுத்துகளோடு சேர்த்துக் கட்டி, ஒரே இழுப்பில் கதையையும் படத்தையும் பதித்துவிடலாம். செலவு குறைவு, வேகம் மிகுதி. வங்காளத்தில் 1816இல் கங்காகிசோர் பட்டாசாரியர் வெளியிட்ட அன்னதாமங்கள் நூலிலும், அதன்பின் கல்கத்தாவின் பட்தலா அச்சகங்களிலும் படங்கள் பெருகியது இவ்வாறே. எம் அடுத்த வீட்டு வங்காளி அன்பர், 1949க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து இங்கே குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர்; அவர் வீட்டுப் பழைய பஞ்சிகையில் துர்க்கையின் மரப்பாளப் படம் கண்டபோது, எமது அல்லி அரசாணியின் உடன்பிறந்தாளைக் கண்டதுபோல் இருந்தது.

இப்படங்களில் அழகு உண்டா என்று கேட்பவர்க்கு யாம் சட்டென்று விடை சொல்வதில்லை. சில படங்கள் மிகவும் மோசம். கை ஒரு புறம், கால் ஒரு புறம். அருச்சுனன் நாடக மேடைக் கிரீடத்தோடு நிற்பான்; மன்னர் மேனாட்டு நாற்காலியில் அமர்ந்திருப்பார்; பின்னால் சிப்பாய் துப்பாக்கி ஏந்தி நிற்பான். ஆயினும் ஐந்தாறு கோடுகளில் ஒரு தாயின் துயரை நிறுத்திவிட்ட செதுக்குநர்களும் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தம் பெயரைப் பாளத்தின் மூலையில்கூட வெட்டவில்லை.

மாயாபந்தரில் ஒரு மூதாட்டியைக் கண்டதை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கணவரோடு காட்டு வேலைக்கு வந்தவர். கணவர் எழுத்தறிந்தவர், மழைக்கால இரவுகளில் தொழிலாளர் குடியிருப்பில் நல்லதங்காள் கதையை இராகமிட்டு வாசித்தவர். அவர் மறைந்தபின் புத்தகம் அம்மையார் கைக்கு வந்தது. அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் யாம் கேட்டபோது, முதல் ஏட்டிலிருந்து ஒவ்வொரு படமாகப் புரட்டி, பஞ்சம் வந்தது முதல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டது வரை முழுக்கதையையும் சொன்னார். படமே அவருக்கு எழுத்து.

இடையில் ஒன்று கண்டோம். நல்லதங்காளின் கணவன் காசிராஜனுக்கும் அண்ணன் நல்லதம்பிக்கும் அச்சகத்தார் ஒரே பாளத்தைப் பயன்படுத்தியிருந்தனர். அதே நாற்காலி, அதே மீசை, அதே வாள். "அப்பத்தா, இரண்டும் ஒரே படமல்லவா?" என்றோம். அவர் எம்மை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஒரே படம்னு யாரு சொன்னா? இது புகுந்த வீட்டு ராசா. அது பொறந்த வீட்டு ராசா. மொகத்தைப் பாருங்க தம்பி. தங்கச்சியை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டு வேட்டையே பெருசுன்னு நின்னவன் மொகம் இது."

யாம் மீண்டும் பார்த்தோம். உள்ளபடியே அம்முகம் வேறாகத்தான் தெரிந்தது.

அச்சகத்தார் சிக்கனத்துக்காகச் செய்த இவ்வேலை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1493இல் செருமனியின் நூரம்பெர்க் நகரில் அந்தோன் கோபெர்கர் அச்சிட்ட உலக வரலாற்று நூலைப் பெருஞ்செல்வர்கள் இன்று பொன்கொடுத்து வாங்குகின்றனர். அதில் 1,809 படங்கள் உள்ளன. ஆனால் அவற்றுக்காகச் செதுக்கிய பாளங்களோ 645தான். டமாஸ்கஸ் நகருக்கும் இத்தாலியின் மாந்துவா நகருக்கும் ஒரே பாளம். ஒரே முகம் பல அரசர்க்கும் பல அறிஞர்க்கும் உதவியது. அதனை அறிஞர் உலகம் குறையாகக் கொள்வதில்லை; காலத்தின் வழக்கம் என்று பெருமையோடு ஆராய்கிறது. நம் காசிராஜனையும் நல்லதம்பியையும் கண்டால் மட்டும் மலிவுப் பதிப்பு என்று நகைப்பது என்ன நியாயமோ அறியோம்.

அம்மையாரின் புத்தகத்தில் மற்றொன்றும் உண்டு. மூளியலங்காரி வரும் இரண்டு படங்களிலும் அவள் முகம் நகத்தால் சுரண்டப்பட்டு வெள்ளையாகக் கிடக்கிறது. அண்ணியின் கொடுமையைக் கேட்டுக் கொதித்த எவரோ, அல்லது பலரோ, செய்த வேலை. நூல் வணிகர் இதனைச் சிதைவு என்று விலை குறைப்பர். எம்மிடமுள்ள நூல்களுள் இதற்கு ஈடானது வேறில்லை என்று யாம் கருதுகின்றோம். அன்று அப்புத்தகத்தை யாம் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, சென்னைக்கு வேலை தேடிப் புறப்பட்ட பேரன், கப்பல் ஏறுவதற்கு முன் பழந்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துப் போனான்.

இவ்வாறு சேர்ந்தவை நாற்பத்து மூன்று. விடுமுறைக்குத் தாயகம் செல்லும்போதெல்லாம் தேடியவை சில. 1985 மே மாதம் தீக்கிரையாகும் முன் சென்னை மூர் மார்க்கெட்டின் பழம் புத்தகக் கடைகளில் பொறுக்கியவை சில. மிகுதி இத்தீவுகளின் தகரப் பெட்டிகளிலிருந்து வந்தவை.

இவற்றின் காலத்தை அறிவது ஒரு தனிக் கலை. பல நூல்களில் ஆங்கில ஆண்டே இராது. விகாரி வருஷம் என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் 1899இல் தொடங்கியதும் விகாரி, 1959இல் தொடங்கியதும் விகாரி. எதனைக் கொள்வது? விலையைப் பார்க்க வேண்டும். அணா என்றிருந்தால் முன்னது. நயா பைசா என்றிருந்தால் பின்னது. ஏனெனில் நயா பைசா 1957 ஏப்ரல் மாதம் முதல் நாளன்றுதான் பிறந்தது. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டப்படி அச்சகத்தின் பெயரும் ஊரும் பொறிக்க வேண்டியிருந்தமையால் அதுவும் கைகொடுக்கும். அட்டை கிழிந்து, முகப்பு ஏடும் போய்விட்டால்? அப்போது சான்று சொல்ல எஞ்சுவது மரம் ஒன்றே.

சாத்தம் மர அறுவை ஆலையில் பல்லாண்டு உழைத்து ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் எமக்கு நண்பர். 1883இல் தொடங்கிய அந்த ஆலையில் படாக்கு மரத்தின் போக்கறிந்து பழகிய கை அவருடையது. எம்மிடமுள்ள இரண்டு தேசிங்குராஜன் புத்தகங்களை அவர்முன் வைத்தோம். குதிரைப் படத்தின் குறுக்கே ஒன்றில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடு; மற்றொன்றில் அதே கோடு அகன்று குதிரையின் கழுத்தை அறுத்திருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இது பலகை வாட்டத்துல செதுக்கினது. ஈரம் குடிச்சு, காய்ஞ்சு, நார் ஓடின வழியே வெடிச்சிருக்கு. வெடிப்பு சின்னதா இருக்கிறதுதான் முந்தினது, ஐயா" என்றார். புத்தகத்தின் ஒரு சொல்லையும் அவர் படிக்கவில்லை. வெடிப்பைச் சுற்றிச் சிறு வெள்ளைப் புள்ளிகளையும் காட்டினார். பாளத்தை வண்டு துளைத்த ஓட்டைகள். அவ்விடத்தில் மை ஏறாது. புள்ளி பெருகப் பெருகப் பதிப்பு பிந்தியது.

தச்சர் கண்ணால் கண்டதை மேனாட்டார் கணக்காக்கியிருக்கின்றனர். அமெரிக்க உயிரியல் அறிஞர் பிளேர் எட்ஜஸ், படங்களின் கோடுகளில் ஆண்டுதோறும் பெருகும் முறிவுகளை எண்ணிப் பழம் பதிப்புகளின் காலத்தைக் கணிக்கும் முறையை 2006இல் வெளியிட்டார். ஐரோப்பியப் பழம் படங்களில் உள்ள வண்டுத் துளைகளின் அகலத்தை அளந்து, எந்தக் காலத்தில் எந்தப் பகுதியில் எந்த வண்டு வாழ்ந்தது என்று 2013இல் எழுதினார். புத்தகத்தைக் கெடுப்பது பூச்சி. பாளத்தைக் கெடுத்த பூச்சியோ புத்தகத்தின் வயதைச் சொல்லிவிட்டுப் போகிறது.

பூச்சி என்றதும் எமது இன்னலைச் சொல்லாமல் இருக்க இயலாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் தீவு இது. தென்மேற்கும் வடகிழக்குமாய் இரண்டு பருவமும் நனைக்கும். சுவரில் பாசி படரும். செருப்பில் பூசணம் பூக்கும். பெரிய எழுத்து நூல்களின் தாளோ மரக்கூழில் செய்த மலிவுத் தாள். அதற்குள்ளேயே புளிப்பு இருந்து அதனை அரிக்கிறது. 1715இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட காலத்தின் கந்தைத் தாள் இன்றும் துணிபோல வளையும். 1915இல் அச்சிட்ட கதைப் புத்தகம் அப்பளம்போல் நொறுங்கும். கம்பித் தையல் துருவேறி ஏட்டைத் தின்னும். இராமபாணப் பூச்சி பசையைத் தேடி முதுகுப்புறத்தில் நுழையும். கரையானைப் பற்றிச் சொல்லவே வேண்டா. வசம்பு வைத்தோம், வேப்பிலை வைத்தோம், அந்துருண்டை வைத்தோம். அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு மின்விளக்கை எரியவிட்டோம். மின்சாரம் நின்ற இரவுகளில் எழுந்து அலமாரியைத் திறந்து பார்ப்பதுண்டு, வீட்டார் சிரிப்பார்கள்.

இத்தகைய நூல்களைக் காத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமாயின் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைச் சொல்ல வேண்டும். 1926இல் பிறந்தவர், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950 வாக்கில் நூல் சேர்க்கத் தொடங்கியவர், புலவர் நூல்களோடு நிற்காமல் நாடக அறிவிப்பு, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று பிறர் எறிந்தவற்றையும் எடுத்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபோது நூலும் இதழுமாக ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் அவர் வீட்டில் இருந்தன. சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆனால் கடல் கடத்தவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது நிலைபெற்றது. நுண்படமெடுத்த படிகள் எங்கும் சென்றன. ஏடு தமிழ் மண்ணில் நின்றது. இந்த ஏற்பாட்டை யாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அதிலிருந்தே எமது வீட்டில் ஒரு வழக்கும் எழுந்தது.

நாற்பத்து மூன்று நூல்களையும் என் செய்வது? 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் வைத்துக் காப்பதா, சென்னையில் குளிரூட்டிய அறை உள்ள ஆராய்ச்சி நூலகம் ஒன்றுக்கு அனுப்புவதா? நண்பர்கள் இரண்டு பட்டனர். "இங்கு வந்த தமிழரின் கைரேகை பட்ட புத்தகம் இங்கேதான் இருக்க வேண்டும். சென்னையில் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாகிப் போகும். நம் பேரப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் மூன்று நாள் கப்பல் பயணமா?" என்றார் ஒருவர். அவர் சொல்லில் உண்மை உண்டு. மற்றொருவர் பேசவில்லை, அலமாரியிலிருந்து பவளக்கொடி மாலையை எடுத்து விரித்தார். ஓர் ஏடு முறிந்து தரையில் விழுந்து மூன்றாயிற்று. அவர் சொல்லிலும் உண்மை இருந்தது.

யாம் அனுப்புவதென்றே முடிவு செய்தோம். ஏட்டுக்கு ஊர்ப்பற்று இல்லை. ஈரம்தான் அதற்குப் பகை. ஒவ்வொரு பக்கத்தையும் நிழற்படமெடுத்து இங்கே வைத்துக்கொண்டு, மூலத்தை வறண்ட அறைக்கு அனுப்புவதே அதற்குச் செய்யும் நன்மை. மூளியலங்காரி முகம் சுரண்டிய நல்லதங்காளையும் அனுப்புவதற்கு மனம் ஒப்பச் சில மாதங்கள் ஆயின.

ஆனால் நாற்பத்து மூன்றில் ஒன்று எமதன்று. 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கைக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்த நம்மவருள் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறினர் அல்லவா? அவர்களுள் ஒரு பெரியவர், தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆடிய குடும்பத்தவர். அவரிடம் ஒரு பெரிய எழுத்துப் புத்தகம் இருந்தது; அல்லி அரசாணி மாலை. சென்னையில் அச்சாகி, கண்டிச் சீமைக்குப் போய், மீண்டும் கடல் கடந்து கச்சாலுக்கு வந்த புத்தகம். முதுகு கிழிந்துவிட்டதென்று 2004 நவம்பரில் எம்மிடம் கொடுத்தார். தைத்துக் கொடுங்கள், தைப்பூசத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுகிறேன் என்றார். டிசம்பர் 26ஆம் நாள் கடல் கச்சாலுக்குள் புகுந்தது. அவர் திரும்பவில்லை. அவர் வீட்டிலிருந்த எப்பொருளும் திரும்பவில்லை. தைக்க வந்த புத்தகம் எம் அலமாரியில் இருந்தது.

இருபது ஆண்டுகளாக அதனை எம் பட்டியலில் எழுதாமலே வைத்திருந்தோம். அவர் மகள் பாம்பூ பிளாட்டில் குடியிருக்கிறார். முன்பே இருமுறை கொடுக்கச் சென்றபோது, "உங்ககிட்டேயே இருக்கட்டும் அண்ணா, இந்த வீட்டுல மழை ஒழுகுது" என்று மறுத்தவர். இம்முறை சென்னை நூலகச் செய்தியைச் சொல்லி, அவர் விருப்பம் எதுவோ அதுவே செய்வோம் என்றோம். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துப் புரட்டினார். அல்லி குதிரைமேல் அமர்ந்திருக்கும் படம் வந்தது. பாளத்தின் தேய்வில் குதிரையின் கால்கள் மங்கியிருந்தன. அவற்றின்மேல் யாரோ நீலப் பென்சிலால் கோடிட்டுக் கால்களைத் திருத்தியிருந்தனர்.

"இது நான் போட்டது. அப்பா அடிக்க வந்தாங்க" என்றார்.

பிறகு நெடுநேரம் பேசவில்லை. புத்தகம் போகட்டும் என்றார். இந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தர முடியுமா, பென்சில் கோடு தெரிய வேண்டும் என்றார். நூலகத்தாருக்கு எழுதும்போது தந்தையின் பெயரையும் கச்சால் என்ற ஊர்ப் பெயரையும் புத்தகத்தோடு எழுத வேண்டும் என்றும் கேட்டார். இரண்டையும் செய்தோம்.

பங்குனி உத்திரம் முடிந்து, மழை தொடங்குமுன் சென்ற கப்பலில் நாற்பத்து மூன்றும் போயின. ஒவ்வொன்றையும் புளிப்பற்ற தாளில் சுற்றி, இரண்டு தகரப் பெட்டிகளில் அடுக்கினோம். பெட்டிகள் தச்சர் நண்பர் வீட்டில் கிடந்தவை. நிழற்படப் படிகள் எம்மிடம் உள்ளன. ரங்கத்திலும் திக்லிப்பூரிலும் கேம்பல் பேயிலும் இன்னும் திறக்காத பெட்டிகள் இருக்கின்றன என்று கேள்விப்படுகின்றோம். அட்டை இல்லாவிடினும், ஏடு குறைந்திருப்பினும், படத்தின்மேல் பிள்ளைகள் கிறுக்கியிருப்பினும், எறிந்துவிடாமல் சங்கத்துக்கு ஒரு சொல் அனுப்புங்கள். யாம் வந்து உங்கள் வீட்டிலேயே படமெடுத்துக்கொண்டு, புத்தகத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வருவோம். யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில் என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்திருங்கள், பேனாவால் வேண்டா, மை பரவும், பென்சிலே போதும்.